14 வருட எஃப்.இசட்.16: வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா?

துடியலூர்க்காரன்

2011 பிப்ரவரியில் எடுத்த வண்டி. கறுப்பு யமஹா எஃப்.இசட்.16, கார்புரேட்டர் மாடல். நேற்று மாலை மீட்டரில் 1,12,340. வீடு துடியலூர், வேலை பீளமேடு, போக வர 26 கிலோமீட்டர். மேம்பால வேலைக்காக அவிநாசி ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்த வருடங்கள் முழுக்க இதே வண்டிதான்.

இரண்டு வாரமாக ஒரு பிரச்சினை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரில் நீலப்புகை. ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம். அப்புறம் நின்றுவிடுகிறது. ஆயிலும் கொஞ்சம் குறைகிறது. ஒரு சர்வீஸ் சென்டரில் காட்டினேன். "இன்ஜின் போயிடுச்சு சார், முழுசா இறக்கணும், 14,000 ஆகும்" என்றார்கள். பக்கத்துத் தெருப் பையன் 22,000க்குக் கேட்கிறான். அடுத்த வருடம் 15 வருடம் முடிகிறது, ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், பசுமை வரி வேறு. வீட்டில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

எனக்குத்தான் மனசு வரவில்லை. இத்தனைக்கும் இந்த வண்டி என்னை ஒருநாளும் அசத்தியதில்லை. 90க்கு மேல் முறுக்கினால் மூச்சு வாங்கும். ஆனால் 14 வருடத்தில் "இன்றைக்கு வண்டி எடுக்கலாமா" என்று ஒரு காலையிலும் யோசித்ததில்லை.

2008ல் யமஹா இரண்டு வண்டி விட்டது. முதலில் ஆர்15: லிக்விட் கூலிங், 17 பிஎஸ் (குதிரைத்திறன்), முழு ஃபேரிங் (உடம்பை மூடும் பிளாஸ்டிக் கவசம்). சில மாதத்தில் எஃப்.இசட்.16: 153 சிசி, காற்றுதான் கூலிங், 14 பிஎஸ். பேப்பரில் பார்த்தால் ஆர்15தான் வண்டி. ஆனால் இழுவை எங்கே வருகிறது என்று பாருங்கள். இதற்கு உச்ச டார்க் (முறுக்கு விசை) 6,000 ஆர்பிஎம்மில், அதற்கு 7,500ல். சாயிபாபா காலனி நெரிசலில் மூன்றாவது கியரில் ஊர்ந்துகொண்டே போய், வழி கிடைத்ததும் கியரைத் தொடாமல் அப்படியே எடுத்துக்கொண்டு போகலாம். தினசரி ஓட்டுகிறவனுக்கு இதுதான் சக்தி. 17ம் 14ம் ஷோரூமோடு சரி.

அப்புறம் அந்தப் பின்டயர். 140/60, 17 இன்ச், ரேடியல். பல்சர் 150க்கே 100/90 டயர்தான் இருந்த காலத்தில் இதைப் பார்த்துவிட்டுக் கார் டயரா என்று கேட்டவர்கள் உண்டு. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. பின்னால் மனைவியும் ஒரு பையுமாக ஏறியிருக்கிறேன். ஒரு வளைவிலும் பின்சக்கரம் நழுவுகிற மாதிரி தோன்றியதில்லை.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றையும் சொல்ல வேண்டும். ஜூன், ஜூலையில் பொள்ளாச்சி ரோட்டில் ஓட்டியவர்களுக்குத் தெரியும், பக்கவாட்டில் வந்து ஆளையே தள்ளும். ஃபேரிங் வைத்த வண்டியை அது பாய்மரம் மாதிரி பிடித்துக்கொள்கிறது. இதில் காற்று ஊடே புகுந்து போய்விடுகிறது.

சொல்லுங்கள், 14,000 போடலாமா?

ஓ.எம்.ஆர். வாசி

ப்ரோ, பாசம் புரிகிறது. ஆனால் 22,000 தருகிறேன் என்று ஒருவன் நிற்கும்போது 14,000 செலவு செய்வது கணக்கில் வராது. கொடுத்துவிடுங்கள்.

நான் எம்.டி.15 ஓட்டுகிறேன். அதுவும் நேக்கட்தான், ஃபேரிங் கிடையாது. லிக்விட் கூலிங், ஆறு கியர், 18 பிஎஸ்ஸுக்கு மேல். மைலேஜும் உங்கள் வண்டிக்குச் சமம். அக்னி நட்சத்திரத்தில் சோழிங்கநல்லூர் சிக்னலில் நிற்கும்போது ஏர் கூல்டு வண்டிக்கு ஊதிவிட யார் இருக்கிறார்கள்? வண்டி நகர்ந்தால்தான் காற்று. நின்றால் வெறும் அடுப்பு. என் வண்டியில் ஃபேன் ஓடும், அவ்வளவுதான் விஷயம்.

பட்டறைக்காரன்

துடியலூர் அண்ணா, அவசரப்பட்டு யாருக்கும் கொடுக்க வேண்டாம். முதலில் மூன்று கேள்வி.

காலையில் மட்டும்தான் புகையா? ஓடும்போது முறுக்கினால் புகை வருகிறதா? இழுவை குறைந்திருக்கிறதா?

பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் லோடில் முறுக்கும்போதெல்லாம் புகை தள்ளும். இழுவையும் போயிருக்கும். காலையில் மட்டும் வந்து நின்றுவிடுகிறது என்றால் எனக்கு வால்வு சீல் மேல்தான் சந்தேகம். ராத்திரி முழுக்க சிலிண்டர் ஹெட்டில் நிற்கும் ஆயில், இறுகிப்போன சீல் வழியாக வால்வுத் தண்டில் கசிந்து உள்ளே இறங்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் அது எரிகிறது. எரிந்து தீர்ந்ததும் புகை நின்றுவிடும். 14 வருட ரப்பர் இறுகாமல் என்ன செய்யும்?

ஒரு சோதனை சொல்கிறேன். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஒரு மேட்டிலிருந்து த்ராட்டிலை (ஆக்ஸிலரேட்டரை) முழுக்க மூடி, கியரிலேயே இறங்குங்கள். அடிவாரத்தில் சட்டென்று திறந்துவிடுங்கள். அந்த நேரத்தில் மட்டும் ஒரு கொத்துப் புகை வந்து நின்றால் சீல்தான். த்ராட்டில் மூடியிருக்கும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி ஆயிலை உறிஞ்சும். தொடர்ந்து வந்தால் ரிங். கையோடு கம்ப்ரஷன் டெஸ்டும் (சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கிறதா என்று) பார்த்துவிடலாம்.

சீல் என்றால் ஹெட்டைக் கழற்றினால் போதும். இன்ஜினை இறக்க வேண்டிய வேலையே இல்லை.

ஓ.எம்.ஆர். தம்பிக்கு: அடுப்பு உவமை நன்றாக இருக்கிறது, ஆனால் அடுப்பில் தீயைக் குறைத்து வைத்திருக்கும் நேரம் அது. ஐடிலில் இன்ஜின் குடிக்கும் பெட்ரோல் ரொம்பக் கொஞ்சம். உண்டாகும் சூடும் அந்த அளவுதான். 150 சிசி இன்ஜின் பத்து நிமிடம் சிக்னலில் நின்றால் கால் சுடும், இன்ஜின் சாகாது. என் பட்டறைக்குச் சீஸ் ஆகி வந்த ஏர் கூல்டு வண்டிகளில் பெரும்பாலானவை ஆயில் இல்லாமல் ஓட்டியவை. வெயில் மேல் பழி போட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை.

பெரியவர்_65

இந்த "நேக்கட்" என்ற சொல்லே எனக்குச் சிரிப்பு. நான் வண்டி ஓட்டப் பழகிய காலத்தில் எல்லா வண்டியும் சட்டை போடாமல்தான் இருந்தன. அதற்குத் தனியாக ஒரு பேர் எதற்கு? வண்டிகளுக்குப் பிளாஸ்டிக் சட்டை மாட்டிவிட்ட பிறகுதான் மாட்டாததற்குப் பேர் தேவைப்பட்டது. 1993ல் டுகாட்டி மான்ஸ்டர் வந்தபோது அதை ஒரு புதுமை மாதிரி கொண்டாடினார்கள். அதுவும் ஏர் கூல்டு, இன்ஜின் வெளியே தெரியும். எங்கள் தஞ்சாவூரில் எந்த வண்டிக்கு இன்ஜின் தெரியாமல் இருந்தது?

எங்களுக்கு ஆர்.எக்ஸ்.100தான். 98 சிசி, 11 குதிரைத்திறன், எடை நூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். டூ ஸ்ட்ரோக். 1996ல் நிறுத்திவிட்டார்கள். அதில் சிலிண்டரைச் சுற்றி இருக்கும் ஃபின்களை ஞாயிற்றுக்கிழமை மண்ணெண்ணெய் தொட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தேய்ப்பேன். அந்த வேலை எனக்குப் பிடிக்கும். ரேடியேட்டரை அப்படித் தேய்த்தால் வளைந்துவிடும் என்று பேரன் சொல்கிறான்.

துடியலூர்க்காரன்

@பட்டறைக்காரன், காலையில் மட்டும்தான் அண்ணா. இழுவையில் ஒன்றும் குறை தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மருதமலை போகிறேன், இறங்கும்போது நீங்கள் சொன்ன சோதனையைச் செய்து பார்க்கிறேன்.

@பெரியவர்_65, ஐயா, பல் பிரஷ் என்னிடமும் உண்டு.

வடமராட்சியான்

துடியலூர் அண்ணை, நான் இலங்கை, பருத்தித்துறை. இங்கே எஃப்.செட். என்றால் தெருவுக்கு நாலு நிற்கும். என்னுடையது 2014ஆம் ஆண்டு. கொடுக்க வேண்டாம் என்றுதான் நானும் சொல்லுவேன், ஆனால் காரணம் வேறு.

2020 மார்ச்சில் எங்களுக்கு வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். புது மோட்டார் சைக்கிள் வர 2025 ஆகிவிட்டது. அந்த ஐந்து வருடம், யாரிடம் என்ன இருந்ததோ அதை வைத்துத்தான் ஓடினோம். அப்போதுதான் எந்த மோட்டார் சைக்கிள் என்ன குணம் என்று தெரிந்தது. பாகம் கிடைக்காத நேரத்தில், பாகம் குறைந்த இன்ஜின் வைத்திருந்தவன் தப்பினான். ரேடியேட்டர் இல்லை, தண்ணீர்ப் பம்ப் இல்லை, அந்தக் குழாய்கள் இல்லை, கூலன்ட் தேடி அலைய வேண்டியது இல்லை. ஒயிலும் பிளக்கும் கிடைத்தால் போதும்.

2022இல் பெற்றோல் கியூ. பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு (வாரத்துக்கு) 4 லீற்றர். பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் போக 30 கிலோமீற்றருக்கு மேல், திரும்பி வர அதேயளவு. லீற்றருக்கு 45 என்று வைத்தாலும் 180 கிலோமீற்றர்தான். மூன்று நாள் வேலைக்குக் கூட மட்டுமட்டு. மற்ற நாள் பஸ். அந்த மாதங்களில் நான் 50க்கு மேலே ஓடியதே இல்லை. மெதுவாக ஓடினால் 50, 52 வரை தந்தது.

அண்ணை சொன்ன காற்று எங்களுக்கும் உண்டு. வல்லை வெளியில் சோளகக் காற்று அடிக்கும்போது மோட்டார் சைக்கிளைச் சரித்துப் பிடித்துக்கொண்டுதான் நேரே போகலாம். ஒன்று மட்டும் கவனம்: கடற்காற்றில் உப்பு வந்து அலுமினியம் ஃபின்களில் வெள்ளையாகப் பூக்கும். நான் கிழமைக்கு ஒருக்கால் நல்ல தண்ணீரில் கழுவுகிறேன், இன்ஜின் ஆறின பிறகு.

ஓ.எம்.ஆர். வாசி

சரி, வடமராட்சி அண்ணா சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. அது வேறு நிலைமை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஏர் கூலிங் அவ்வளவு நல்லது என்றால் ஏன் எஃப்.இசட். வண்டிக்கு வருடத்துக்கு வருடம் பவர் குறைகிறது? 2008ல் 14 பிஎஸ். 2014ல் ஃபியூல் இன்ஜெக்ஷன் வந்தபோது 149 சிசி, 13.1. பிஎஸ்6 என்ற புகை விதிக்கு வந்தபோது 12.4. அதே சமயம் லிக்விட் கூல்டு வண்டிகள் ஏறிக்கொண்டே போகின்றன. ஏர் கூலிங் முடிந்துபோன கதை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி?

பட்டறைக்காரன்

நியாயமான கேள்வி. மழுப்பாமல் சொல்கிறேன்.

ஏர் கூல்டு இன்ஜினின் சூடு ஒரே அளவில் நிற்காது. மழையில் ஓடினால் ஒரு சூடு, வெயிலில் டபுள்ஸ் ஏற்றி மேடு ஏறினால் வேறு சூடு. உலோகம் அதற்கேற்ப விரியும், சுருங்கும். அதனால் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே கொஞ்சம் தாராளமாக இடைவெளி விட வேண்டும். கம்ப்ரஷனையும் ஓர் அளவுக்கு மேல் ஏற்ற முடியாது, ஏற்றினால் சூட்டில் தட்டும். கம்ப்ரஷன் விகிதம் எஃப்.இசட்.16க்கு 9.5, முதல் ஆர்15க்கு 10.4. லிக்விட் கூலிங்கில் தெர்மோஸ்டாட் சூட்டை ஒரு அளவில் பிடித்து வைப்பதால் எல்லாவற்றையும் நெருக்கி வைக்கலாம், புகையையும் கட்டுப்படுத்துவது சுலபம். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்தபோது பல ஏர் கூல்டு இன்ஜின்கள் பவரை விட்டுக்கொடுத்துத்தான் பாஸ் ஆயின. ஹைவேயில் மணிக்கணக்காக 100ல் போகிறவர் லிக்விட் கூல்டு எடுப்பதுதான் சரி. இதில் தம்பி சொல்வதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அண்ணாவின் ரூட் துடியலூர் டு பீளமேடு. அங்கே 12.4ம் ஒன்றுதான், 18ம் ஒன்றுதான்.

பழைய கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. இப்போது பங்கில் கிடைப்பது இ20, ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் ஒரு பதம் பார்க்கும். பெட்ரோல் குழாயை மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை. வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டரில் இருக்கும் பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

மதுரைக்காரி

நீங்கள் எல்லாரும் இன்ஜினையே பேசுகிறீர்கள். உட்காருவதைப் பற்றி யாரும் பேசவில்லை.

என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். எஃப்.இசட்.எஸ். வெர்ஷன் 2 ஓட்டுகிறேன், வீட்டுக்காரர் வண்டி, இப்போது என் வண்டி. சீட் 790 மிமீ, எடை 132 கிலோ. தெற்குமாசி வீதியில் சைக்கிள், தள்ளுவண்டி, மாடு, மூன்றும் ஒரே நேரத்தில் வரும். காலை ஊன்றி வண்டியைப் பின்னால் தள்ளி எடுக்க முடிகிறதா என்பதுதான் எனக்குக் கேள்வி. இதில் முடிகிறது. என் தம்பியின் ஃபேரிங் வண்டியில் கைப்பிடி கீழே இருப்பதால் பத்து நிமிடத்தில் மணிக்கட்டு வலிக்கிறது, குறுகிய இடத்தில் திருப்பவும் முடியவில்லை. அகலக் கைப்பிடி, நிமிர்ந்த முதுகு, முன்சக்கரம் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிவது. நேக்கட் வண்டியில் எனக்குப் பிடித்தது இது மூன்றும்தான்.

குறையும் சொல்கிறேன். பின் சீட் உயரம். அம்மா ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டார், ஷேர் ஆட்டோதான். மழையில் பின்சக்கரம் முதுகில் கோலம் போடும். வெளியில் வாங்கி ஒரு ஹக்கர் (சக்கரத்தை ஒட்டிய மட்கார்டு) மாட்டினேன், பாதி குறைந்தது.

கிண்டி_ஹன்டர்

ஓரமாக ஒரு குரல். ஏர் கூலிங் பிடிக்கும், ஆனால் 150 போதாது என்பவர்கள் ஹன்டர் 350 ஓட்டிப் பாருங்கள். ஆயில் துணையோடு ஏர் கூலிங், 349 சிசி, 20.2 பிஎஸ், 27 என்.எம். டார்க். நாலாவது கியரில் போட்டுவிட்டு நாள் முழுக்க மறந்துவிடலாம். ஆனால் 181 கிலோ. மதுரை அக்கா சொன்ன தெற்குமாசி வீதியில் பின்னால் தள்ளச் சொன்னால் நான் வரவில்லை.

மதுரைக்காரி

தம்பி, தள்ள நாலு பேர் வருவார்கள். மதுரைக்காரர்கள் அந்த அளவுக்கு நல்லவர்கள்.

துடியலூர்க்காரன்

மருதமலை போய் வந்தேன். பின்னால் மச்சானை அவன் வண்டியில் வரச் சொல்லியிருந்தேன். இரண்டாவது கியரில் த்ராட்டிலை மூடிக்கொண்டே இறங்கி, அடிவாரத்தில் திறந்தேன். ஒரு கொத்துப் புகை, அவ்வளவுதான் என்றான் மச்சான். வடவள்ளி வரை பின்னாலேயே வந்தான், அப்புறம் ஒன்றும் இல்லையாம்.

கவுண்டம்பாளையத்தில் ஒரு சின்னப் பட்டறையில் விட்டிருக்கிறேன். கம்ப்ரஷன் பார்த்துவிட்டு "பிஸ்டன் பக்கம் கை வைக்க வேண்டாம்" என்று அவரும் சொல்லிவிட்டார்.

இந்த நான்கு நாளாக மகனின் ஸ்கூட்டரில் போகிறேன். வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் கால் இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லாமல் உட்கார்வது, ஸ்டூலில் உட்கார்ந்து காற்றில் போகிற மாதிரி இருக்கிறது. டேங்கை முழங்காலால் பிடிக்கப் போய் இரண்டு முறை வெறும் காற்றைப் பிடித்தேன்.

துடியலூர்க்காரன்

வண்டி வந்துவிட்டது. வால்வு சீல் இரண்டு, ஹெட் கேஸ்கெட், வால்வு லேப்பிங் (வால்வைத் தேய்த்துப் பொருத்துவது), டேப்பெட் (வால்வு இடைவெளி) சரிசெய்தது, புது ஆயில், பெட்ரோல் குழாய், கூலி எல்லாம் சேர்த்து 2,850. பழைய சீலைக் கையில் கொடுத்தார். ரப்பர் என்று சொல்ல முடியாது, சட்டைப் பட்டன் மாதிரி கல்லாக இருந்தது. அதை மேசை டிராயரில் போட்டு வைத்திருக்கிறேன், எதற்கென்று தெரியவில்லை.

பக்கத்துத் தெருப் பையன் பணத்தோடு வந்துவிட்டான். அவனிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. பழைய யூனிகார்ன் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, நான் வந்து பார்த்துச் சொல்கிறேன் என்றேன். சனிக்கிழமை இரண்டு பேரும் போகிறோம். அதுவும் ஏர் கூல்டுதான்.

ஓ.எம்.ஆர். ப்ரோ, கோவை வந்தால் சொல்லுங்கள். வால்பாறை போகலாம், பாதி வழியில் வண்டியை மாற்றிக்கொள்வோம்.

ஓ.எம்.ஆர். வாசி

டிசம்பரில் வருகிறேன். ஏற்றத்தில் என் வண்டி எனக்கு, சொல்லிவிட்டேன்.

பட்டறைக்காரன்

500 கிலோமீட்டர் ஓடியதும் டேப்பெட்டை இன்னொரு முறை பாருங்கள் அண்ணா. காலையில், இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால். லேப்பிங் செய்த வால்வு முதலில் கொஞ்சம் உட்காரும்.